ஒரு செல் உறங்கப் போகும்போது அதிலுள்ள கைபேசிகள் எங்கே போகும்?

கைபேசி இணைப்பு ஒரு கோபுரத்திலிருந்து இன்னொரு கோபுரத்திற்கு மாறுவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான் இருந்துவந்தது: கைபேசி வைத்திருப்பவர் நகர்கிறார். பேருந்தில் போகிறவருக்குப் பின்னால் ஒரு கோபுரத்தின் அலை தேய்கிறது, முன்னால் மற்றொன்றின் அலை வலுக்கிறது. இரண்டையும் அளந்து பார்த்து, பேச்சு அறுந்துவிடாமல் இணைப்பை இடம் மாற்றிவிடுவதைக் கைமாற்றம் என்கிறோம்; துறையில் வேலை செய்பவர்கள் ஹேண்டோவர் என்பார்கள். இந்த ஏற்பாடு முழுவதும், பயனர் நகர்வார், கோபுரம் நிலையாக நிற்கும் என்ற எண்ணத்தின் மேல் கட்டப்பட்டது. மின்சாரத்தைச் சேமிப்பதற்காக வலையமைப்பு தன் செல்களை உறங்கவைக்கத் தொடங்கியதும் அந்த எண்ணம் தலைகீழாகிவிடுகிறது. பயனர் தம் வீட்டில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறார். அவருக்குச் சேவை தந்துகொண்டிருந்த செல்தான் விடைபெறுகிறது. அவருடைய கைபேசி அளந்து பார்த்தவரை அலை மிக நன்றாக இருக்கிறது, வெளியேறுவதற்கான காரணம் எதுவும் அதற்குத் தெரியாது. அப்படிப்பட்ட கைபேசிகளை, அதுவும் ஒரே நேரத்தில் பலவற்றை, இணைப்பு அறுபடாமல் வேறிடம் சேர்ப்பது எப்படி என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு தெளிவு. கோபுரம் வேறு, செல் வேறு. ஒரே கோபுரத்தில் மூன்று திசைகளை நோக்கி ஆன்டெனாக்கள் இருக்கலாம். ஒவ்வொரு திசையிலும் இரண்டு மூன்று அலைவரிசைகள் இயங்கலாம். ஒரு திசையில் ஓர் அலைவரிசை உருவாக்கும் சேவைப் பரப்பைத்தான் செல் என்று சொல்கிறோம். ஆகவே ஒரு செல் உறங்குகிறது என்றால் கோபுரமே இருண்டுவிட்டது என்று பொருளல்ல. அதே கோபுரத்தின் இன்னொரு அலைவரிசை விழித்திருக்கக்கூடும், பெரும்பாலும் விழித்துத்தான் இருக்கும்.

ஏன் உறங்கவைக்க வேண்டும்

கைபேசிச் சேவை நிறுவனங்கள் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, கோபுரங்களும் அவற்றைச் சார்ந்த கருவிகளும் அடங்கிய ரேடியோ வலையமைப்புக்கே போகிறது என்று அந்நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜிஎஸ்எம்ஏயின் ஆய்வுப் பிரிவு கணக்கிட்டிருக்கிறது. அந்தப் பங்கிலும் பெரும் பசி கொண்டது, சமிக்ஞையை வலுப்படுத்தி ஆன்டெனாவுக்கு அனுப்பும் பெருக்கி. யாரும் எதையும் பதிவிறக்கம் செய்யாத நேரத்திலும், தான் இருப்பதை அறிவிக்கும் குறிப்புச் சமிக்ஞைகளைச் செல் அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்காகப் பெருக்கி விழித்திருக்க வேண்டும். 4ஜி செல் இந்தக் குறிப்புச் சமிக்ஞையை ஏறக்குறைய ஒவ்வொரு மில்லி விநாடியிலும் அனுப்புகிறது. 5ஜியை வடிவமைத்தவர்கள் இந்த வீண்செலவைக் கண்டு, அறிவிப்புச் சமிக்ஞைத் தொகுதியை 5 முதல் 160 மில்லி விநாடி வரையிலான இடைவெளிகளில் அனுப்பலாம் என்று வகுத்தார்கள். புதிதாக ஒரு செல்லைத் தேடும் கைபேசி 20 மில்லி விநாடி இடைவெளியை எதிர்பார்த்துத் தேடும். இடையில் கிடைக்கும் அமைதியில் கருவிகள் கண்ணயரலாம்.

கண்ணயர்வதிலும் படிகள் உண்டு. கைபேசித் தரங்களை வகுக்கும் 3ஜிபிபி அமைப்பு 5ஜியின் 18-ஆம் வெளியீட்டுக்காக (தரத் தொகுப்பின் ஒவ்வொரு பதிப்பையும் வெளியீடு என்பார்கள்) நடத்திய ஆய்வில், செல்களை இயக்கும் கருவித் தொகுதியான நிலையத்தின் ஒரு வகைக்கான மாதிரிக் கணக்கில், ஆழ்ந்த உறக்கத்தில் செலவாகும் ஆற்றலை 1 அலகு என்று வைத்தால், உடனே எழக்கூடிய மிக மெல்லிய உறக்கத்தில் 55 அலகும், முழு வீச்சில் ஒலிபரப்பும்போது 280 அலகும் செலவாகும் என்று எடுத்துக்கொண்டார்கள். மெல்லிய உறக்கத்துக்கும் ஆழ்ந்த உறக்கத்துக்கும் இடையிலுள்ள இந்த வித்தியாசமே நம் பிரச்சினையின் வேர். மெல்லிய உறக்கத்திலிருந்து எழ நேரமே ஆகாது என்பதால் அதற்காக யாரையும் வெளியேற்றத் தேவையில்லை. ஆழ்ந்த உறக்கமோ, போய்த் திரும்புவதற்கு அந்த மாதிரியில் 50 மில்லி விநாடியும், மற்றொரு வகை நிலையத்தின் மாதிரியில் 10 விநாடியும் கேட்கிறது. 10 விநாடி மௌனத்தை எந்தக் கைபேசி இணைப்பும் தாங்காது. உண்மையான சேமிப்பு வேண்டுமென்றால் செல்லைக் காலி செய்தாக வேண்டும். காலி செய்வதற்குக் கைமாற்றம்தான் வழி.

எந்தச் செல்லை உறங்கவைப்பது என்பதற்கு வலையமைப்பின் அமைப்பே விடை தருகிறது. குறைந்த அதிர்வெண் கொண்ட அலை வெகுதூரம் போகும், சுவர்களை ஊடுருவும். ஆனால் அதில் கிடைக்கும் அலைவரிசை அகலம் சிறியது. உயர் அதிர்வெண்ணில் அகலம் தாராளம், எட்டும் தூரம் குறைவு. எனவே 700 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசை பரப்பைப் போர்த்தும் அடித்தளமாகவும், 3.5 கிகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசை நெரிசலைத் தாங்கும் கூடுதல் கொள்ளளவாகவும் பயன்படுகின்றன. இந்தியாவில் 2022-இல் நடந்த ஏலத்திலும் 700, 3300 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் இரண்டும் விற்கப்பட்டன. பயன்பாடு குறைந்த இரவு வேளையில் கொள்ளளவுச் செல் உறங்கலாம். அடித்தளச் செல் விழித்திருக்கும். இனி இந்த இரண்டையும் வைத்தே பேசுவோம்.

வழக்கமான கைமாற்றம் நடக்கும் விதம்

கைமாற்றத்தின் முதல் வேலை அளப்பது. தான் இருக்கும் செல்லின் வலிமையையும் அண்டைச் செல்களின் வலிமையையும் கைபேசி தொடர்ந்து அளக்கிறது. எந்த நிலை வந்தால் அறிக்கை தர வேண்டும் என்று வலையமைப்பு முன்பே சொல்லிவைத்திருக்கும். இந்த நிலைகளுக்கு ஏ1, ஏ2 என்று வரிசையாகப் பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்கு இங்கே மூன்று போதும். அண்டைச் செல், இப்போதுள்ள செல்லைவிடக் குறிப்பிட்ட அளவு வலுவானால் அது ஏ3. இப்போதுள்ள செல் எப்படி இருந்தாலும் சரி, அண்டைச் செல் ஓர் எல்லையைத் தாண்டினால் அது ஏ4. இப்போதுள்ள செல் ஓர் எல்லைக்குக் கீழே இறங்கி, அண்டைச் செல் மற்றோர் எல்லைக்கு மேலே ஏறினால் அது ஏ5.

நிலை ஒரு நொடிப் பொழுது வந்து மறைந்தால் போதாது. குறிப்பிட்ட காலம், எடுத்துக்காட்டாக 320 மில்லி விநாடி, தொடர்ந்து நீடிக்க வேண்டும். அப்போதுதான் கைபேசி அறிக்கை அனுப்பும். அறிக்கையைப் பெற்ற நிலையம், எக்ஸ்என் எனப்படும் இணைப்பின் வழியே அண்டை நிலையத்திடம் இடம் கேட்கும். அண்டை நிலையம் இடம் ஒதுக்கி, எப்படி வந்து சேர வேண்டும் என்ற விவரத்தைத் திருப்பி அனுப்பும். அந்த விவரத்தைக் கட்டளையாகக் கைபேசிக்குப் பழைய நிலையம் தரும். கைபேசி பழைய செல்லை விட்டுவிட்டுப் புதிய செல்லில் போய்த் தன் வருகையைத் தெரிவிக்கும். எல்லாம் சரியாக நடந்தால், பேசிக்கொண்டிருப்பவருக்கு எதுவும் தெரியாது.

செல் உறங்கும்போது இது தடுமாறுகிறது

இந்த வழக்கமான முறையை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு செல்லைக் காலி செய்ய முடியாதா? முடியும். 4ஜி காலத்தில் அப்படித்தான் செய்தார்கள். 2009-இல் நிறைவுற்ற 9-ஆம் வெளியீட்டிலேயே, கொள்ளளவுச் செல்லை அதன் உரிமையாளரான நிலையம் தானே முடிவெடுத்து அணைக்கலாம், அணைத்ததை அண்டை நிலையங்களுக்கு அறிவிக்க வேண்டும், தேவைப்பட்டால் அண்டை நிலையம் அதை எழுப்பக் கேட்கலாம் என்ற விதிகள் வந்துவிட்டன. அந்த விதிகளில் ஒரு நுட்பம் எனக்கு மிகவும் பிடிக்கும். அணையப் போகும் செல் தன் கைபேசிகளை அனுப்பும்போது, ‘அணைத்தல் நடந்துகொண்டிருக்கிறது’ என்ற காரணத்தையும் சேர்த்து அனுப்பலாம். அந்த ஒரு குறிப்பு இல்லாவிட்டால், கைபேசியை ஏற்றுக்கொண்ட நிலையம் அடுத்த நொடியே, ‘இந்தக் கைபேசிக்குப் பழைய செல்லின் அலைதான் வலுவாகத் தெரிகிறதே’ என்று அதைத் திருப்பி அனுப்பிவிடக்கூடும். காரணம் தெரிந்தால், ஏற்றுக்கொண்டவர் அந்தத் திசையைத் தவிர்த்துவிடுவார்.

ஆனால் இந்த முறையில் ஒவ்வொரு கைபேசிக்கும் தனித்தனியாகக் கட்டளை போக வேண்டும். இணைப்பில் இருக்கும் கைபேசிகள் நூறு என்றால், நூறு முறை அண்டை நிலையத்திடம் இடம் கேட்டு, நூறு கட்டளைகளைத் தயாரித்து, நூறையும் காற்றில் அனுப்ப வேண்டும். கடைசிக் கைபேசி வெளியேறும் வரை செல் விழித்தே இருக்க வேண்டும். பெரிய உறக்கம் ஒன்றே ஒன்று என்றால் இதைப் பொறுத்துக்கொள்ளலாம். பயன்பாட்டின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்பச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை உறங்கி எழ விரும்பும் செல்லுக்கு, வெளியேற்றும் வேலையே சேமிப்பில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

இன்னொரு சிக்கல் அளவீட்டில் இருக்கிறது. அடித்தளச் செல் வேறு அதிர்வெண்ணில் இயங்குகிறது. வேறு அதிர்வெண்ணை அளக்க வேண்டுமானால், பல கைபேசிகள் தாம் இருக்கும் செல்லோடு பேசுவதைச் சிறிது நிறுத்திவிட்டுத்தான் அளக்க முடியும். அதற்காக வலையமைப்பு 6 மில்லி விநாடி போன்ற சிறு இடைவெளிகளை 40 அல்லது 80 மில்லி விநாடிக்கு ஒருமுறை ஒதுக்கித் தருகிறது. அலை நன்றாக இருக்கும் கைபேசிக்கு இந்த இடைவெளிகளை யாரும் வீணாகத் தருவதில்லை. ஆகவே உறங்கப் போகும் தருணத்தில் வலையமைப்பின் கையில், இந்தக் கைபேசிக்கு அடித்தளச் செல் எவ்வளவு வலுவாகக் கேட்கிறது என்ற தகவலே இல்லாமல் போகலாம். கட்டடத்தின் உள்மூலையில் இருப்பவருக்கும் சாலையில் நிற்பவருக்கும் ஒரே கட்டளையைக் குருட்டுத்தனமாகத் தந்தால், இருவரில் ஒருவருக்கு இணைப்பு அறுபடலாம். அறுந்த இணைப்பைக் கைபேசி மறுபடி நிறுவிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் அதற்கு ஆகும் காலம் ஒழுங்கான கைமாற்றத்துக்கு ஆகும் காலத்தைவிடப் பல மடங்கு அதிகம், பேசுகிறவருக்கு அது நன்றாகவே கேட்கும்.

மிக எளிதாகத் தோன்றும் ஒரு மாற்று வழி உண்டு: செல்லின் ஒலிபரப்பு வலிமையைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போவது. கைபேசிகள் தாமே அலை தேய்வதை உணர்ந்து, வழக்கமான ஏ3 அல்லது ஏ5 நிலை வந்து, ஒவ்வொன்றாக வெளியேறும். பழைய கைபேசிகளும் இதற்கு ஒத்துழைக்கும் என்பதால் இது பயனுள்ள வழியே. ஆனால் மெதுவானது, இறங்கும் வேகம் சற்று அதிகமானால் விளிம்பில் உள்ளவர்கள் கட்டளை கிடைப்பதற்குள் அலையை இழந்துவிடுவார்கள்.

முன்கூட்டியே தரப்படும் சீட்டு

2020-இல் நிறைவுற்ற 16-ஆம் வெளியீட்டில் நிபந்தனைக் கைமாற்றம் என்ற முறை 5ஜிக்கு வந்தது. அதன் முதல் நோக்கம் ஆற்றல் சேமிப்பு அல்ல. வேகமாக நகரும் கைபேசிக்கு, கட்டளை வர வேண்டிய நேரத்தில் பழைய செல்லின் அலை ஏற்கெனவே தேய்ந்துபோய்க் கட்டளையே கிடைக்காமல் போவதைத் தடுக்கவே அது உருவானது. தீர்வு நேரடியானது: அலை நன்றாக இருக்கும்போதே கட்டளையைக் கொடுத்துவிடுவது, ஆனால் உடனே செயல்படுத்தாதே என்று சொல்வது. அதோடு ஒரு நிபந்தனையும் சேர்த்துத் தரப்படும். ‘இந்த அண்டைச் செல் உன் செல்லைவிட இவ்வளவு வலுவானால் அங்கே போய்விடு’ என்பது போல. எட்டு செல்கள் வரை இப்படி முன்கூட்டியே தயார் செய்துவைக்கலாம். நிபந்தனை நிறைவேறியதும் கைபேசி யாரிடமும் கேட்காமல், அறிக்கையும் அனுப்பாமல், சேமித்துவைத்த விவரத்தை எடுத்துக்கொண்டு புதிய செல்லுக்குப் போய்விடும். புதிய நிலையம், ‘உங்கள் கைபேசி இங்கே வந்து சேர்ந்துவிட்டது’ என்று பழைய நிலையத்துக்குச் செய்தி அனுப்பும். பழைய நிலையம் மற்றச் செல்களில் பிடித்துவைத்த இடங்களை விடுவிக்கும்.

நூறு கைபேசிகளுக்கும் முன்கூட்டியே சீட்டுக் கொடுத்துவிடலாம் என்பதால், செல்லைக் காலி செய்யும் வேலைக்கு இது பொருத்தமாகவே தெரிகிறது. ஆனால் எந்த நிபந்தனையை எழுதுவது? கொள்ளளவுச் செல்லுக்கு அருகில் இருப்பவரின் கைபேசியில் அதன் வலிமை −75 டிபிஎம், அடித்தளச் செல்லின் வலிமை −92 டிபிஎம் என்று வைத்துக்கொள்வோம். டிபிஎம் என்பது அலை வலிமையின் அலகு; எண் சுழியத்தை நெருங்க நெருங்க அலை வலுவானது. −92 என்பது பேசவும் இணையத்தைப் பயன்படுத்தவும் தாராளமாகப் போதும். ஆனால் ஏ3 நிபந்தனை ஒருபோதும் நிறைவேறாது, ஏனென்றால் அடித்தளச் செல் கொள்ளளவுச் செல்லைவிட வலுவாகப் போவதே இல்லை. ஏ5-உம் அப்படியே, இருக்கும் செல் பலவீனமாக வேண்டும் என்கிறது அது. ஏ4-ஐ எழுதி, அடித்தளச் செல் −105-ஐத் தாண்டினால் போ என்று சொன்னால், அந்த நிபந்தனை இப்போதே நிறைவேறியிருக்கிறது. சீட்டைக் கையில் வாங்கிய உடனே கைபேசி கிளம்பிவிடும், செல் இன்னும் உறங்க முடிவெடுக்காதபோதே. அலையின் வலிமையை மட்டும் வைத்து எழுதும் எந்த நிபந்தனையாலும் ‘செல் உறங்கப் போகிறது’ என்பதைச் சொல்ல முடியாது. அது அலையில் தெரியும் உண்மை அல்ல, நிலையத்தின் மனத்தில் இருக்கும் முடிவு.

மணி அடித்த பிறகு மட்டும்

2024-இல் நிறைவுற்ற 18-ஆம் வெளியீடு இந்த இடத்தில்தான் கை வைத்தது. நிபந்தனைக் கைமாற்றத்தின் நிபந்தனைக்கு, ஆற்றல் சேமிப்புக்கு உரியது என்ற ஓர் அடையாளத்தைச் சேர்க்கலாம். அந்த அடையாளம் உள்ள நிபந்தனை, செல் ஆற்றல் சேமிப்பு முறைக்குப் போகிறது என்ற அறிவிப்பு வந்த பிறகே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். அறிவிப்பு வராதவரை, அண்டைச் செல் எவ்வளவு வலுவாக இருந்தாலும் கைபேசி அசையாது. அறிவிப்பு வந்ததும், நிபந்தனைக்குப் பொருந்தும் செல்லுக்குப் போய்விடும். இதனால் ஏ4 போன்ற தளர்வான நிபந்தனையைத் துணிந்து எழுத முடிகிறது.

முன்பதிவு அலுவலகத்தில் ஒரு கவுண்டரை மூடப் போகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து, மற்ற கவுண்டர்களில் விசாரித்து, ‘நீங்கள் அங்கே போங்கள்’ என்று சொல்வது ஒரு முறை. எல்லோரிடமும் முன்பே ஒரு சீட்டைக் கொடுத்து, ‘மணி அடித்தால், இந்த மூன்று கவுண்டர்களில் எது உங்களுக்கு அருகில் இருக்கிறதோ அங்கே போய்விடுங்கள்’ என்று சொல்லிவிட்டு, நேரம் வந்ததும் ஒரே ஒரு முறை மணி அடிப்பது இன்னொரு முறை. 18-ஆம் வெளியீடு செய்திருப்பது இரண்டாவது.

அந்த மணி எப்படி அடிக்கப்படுகிறது என்பதையும் அறிந்துகொள்வது நல்லது. கைபேசிக்குக் கட்டளை போகும் பாதைகள் அடுக்கடுக்காக உள்ளன. மேல் அடுக்கில் போகும் செய்தி நீளமானது, ஒவ்வொரு கைபேசிக்கும் தனி, மறையாக்கம் செய்யப்பட்டது. கீழ் அடுக்கில் போகும் கட்டுப்பாட்டுக் குறிப்போ சில பிட்டுகள் மட்டுமே கொண்டது, ஒரே குறிப்பைப் பல கைபேசிகள் சேர்ந்து கேட்க முடியும். 18-ஆம் வெளியீடு இதற்கென டிசிஐ 2_9 என்ற புதிய குழுக் குறிப்பை உருவாக்கியது. ஆற்றல் சேமிப்பு அறிவிப்பு அதில் ஒரு பிட்டாகப் போகிறது. நூறு நீண்ட கட்டளைகள் செய்ய வேண்டிய வேலையைத் தொடங்கிவைக்க ஒரு பிட் போதும். கீழ் அடுக்குக் குறிப்புகளுக்கு மறையாக்கம் கிடையாது என்பதால், எங்கே போக வேண்டும், எப்படி நுழைய வேண்டும் என்ற விவரங்களை அதில் வைக்காமல், பாதுகாக்கப்பட்ட மேல் அடுக்குச் செய்தியில் முன்பே கொடுத்துவிட்டது சரியான பிரிவினை என்றே நான் கருதுகிறேன்.

இந்த வடிவமைப்பில் எனக்கு முக்கியமாகப் படுவது முடிவெடுக்கும் பொறுப்பைப் பங்கிட்ட விதம். எப்போது வெளியேறுவது என்பதை வலையமைப்பு முடிவு செய்கிறது, ஏனென்றால் உறக்கத்தின் காரணம் அதற்குத்தான் தெரியும். எங்கே போவது என்பதைக் கைபேசி முடிவு செய்கிறது, ஏனென்றால் தன் மூலையில் எந்தச் செல் நன்றாகக் கேட்கிறது என்பது அதற்குத்தான் அந்தக் கணத்தில் தெரியும். பழைய முறையில் இரண்டையும் வலையமைப்பே செய்தது, இரண்டாவதற்கு வேண்டிய தகவல் பழையதாக இருந்தபோதும்கூட. சாதாரண நிபந்தனைக் கைமாற்றத்தில் இரண்டையும் கைபேசி செய்தது, முதலாவதற்கு வேண்டிய தகவல் அதனிடம் இல்லாதபோதும்.

கவனிக்க வேண்டிய இடங்கள்

மணி அடித்தவுடன் எல்லோரும் ஒரே வாசலுக்கு ஓடினால் நெரிசல்தான். கைபேசி புதிய செல்லில் நுழையும்போது முகப்புச் சமிக்ஞை ஒன்றை அனுப்பித் தன்னை அறிவிக்கிறது. ஒரு நுழைவு வாய்ப்பில் 64 முகப்புச் சமிக்ஞைகள்தாம் உண்டு. இரண்டு கைபேசிகள் தற்செயலாக ஒரே சமிக்ஞையைத் தேர்ந்தெடுத்தால் மோதல் ஏற்பட்டு, இரண்டும் காத்திருந்து மறுபடி முயல வேண்டியிருக்கும். ஒவ்வொரு கைபேசிக்கும் தனக்கே உரிய முகப்புச் சமிக்ஞையை முன்பே ஒதுக்கிவைத்தால் மோதல் இராது. ஆனால் ஒதுக்கிவைத்தவற்றைப் புதிய செல் வேறு யாருக்கும் தர முடியாது. உறக்கம் எப்போது வரும் என்று தெரியாமல் நீண்ட நேரம் இடத்தைப் பிடித்துவைப்பது அடித்தளச் செல்லுக்குச் சுமை. சீட்டுகளை மிக முன்கூட்டியே கொடுக்காமல், உறங்கும் முடிவு நெருங்கும்போது கொடுப்பதும், கைபேசிகளைச் சிறு குழுக்களாகப் பிரித்து வெவ்வேறு செல்களைக் காட்டுவதும், நிபந்தனையின் எல்லைகளைச் சற்று மாற்றி எழுதுவதும் பொறியாளரின் கையில் உள்ள வழிகள்.

மணியோசை எல்லோர் காதிலும் விழும் என்பதற்கும் உறுதி கிடையாது. குழுக் குறிப்புக்குக் கைபேசி ‘பெற்றேன்’ என்று பதில் அனுப்புவதில்லை. எனவே நிலையம் அறிவித்த மறுகணமே அணைந்துவிடக் கூடாது. யார் யார் போய்ச் சேர்ந்தார்கள் என்பது அண்டை நிலையங்களிடமிருந்து வரும் செய்திகளால் தெரியும். எஞ்சியவர்களுக்கு அறிவிப்பைத் திரும்ப அனுப்பலாம், அப்போதும் அசையாதவர்களுக்கு வழக்கமான தனிக் கட்டளையைத் தரலாம். 18-ஆம் வெளியீட்டை அறியாத பழைய கைபேசிகளுக்கு எப்போதுமே தனிக் கட்டளைதான். பல ஆண்டுகளுக்கு வலையமைப்பில் இரண்டு வகைக் கைபேசிகளும் கலந்தே இருக்கப் போகின்றன என்பதால், புதிய முறை பழையதை நீக்கிவிடாது. நூறில் பெரும்பாலோரை ஒரு மணியோசையில் அனுப்பிவிட்டு, மீதியைக் கையால் அனுப்புவதே நடைமுறையாக இருக்கும்.

அவசர அழைப்பில் இருப்பவரை மட்டும் இந்தக் கணக்குகளுக்கு வெளியே வைக்க வேண்டும். ஆம்புலன்ஸுக்குப் பேசிக்கொண்டிருப்பவரின் இணைப்பைச் சேமிப்புக்காகப் பணயம் வைக்க எந்த நியாயமும் இல்லை. அந்த ஓர் அழைப்பு முடியும் வரை செல் விழித்திருக்கலாம்.

இணைப்பில் இல்லாமல், சட்டைப் பையில் சும்மா இருக்கும் கைபேசிகளுக்குக் கைமாற்றமே கிடையாது. அவை எந்தச் செல்லில் தங்குவது என்பதை, செல் ஒலிபரப்பும் விதிகளைப் படித்துத் தாமே தேர்ந்துகொள்கின்றன. அடித்தளச் செல்லின் முன்னுரிமையை உயர்த்தினாலோ, உறங்கப் போகும் செல்லில் தங்கத் தடை என்று அறிவித்தாலோ அவை மெல்ல நகர்ந்துவிடும்.

எல்லா ஆற்றல் சேமிப்புக்கும் வெளியேற்றம் தேவைப்படுவதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 18-ஆம் வெளியீடு, செல் ஒரு சீரான தாளத்தில் சிறிது நேரம் பேசிச் சிறிது நேரம் ஓய்வெடுக்கும் முறையையும் தருகிறது. ஓய்வு நேரத்திலும் அறிவிப்புச் சமிக்ஞையும், புதியவர்கள் நுழையும் வழியும் அப்படியே இருக்கும்; இணைந்திருக்கும் கைபேசிகள் அந்தத் தாளத்துக்கு ஏற்பத் தம் போக்குவரத்தை வைத்துக்கொள்ளும். தாமதத்தைத் தாங்காத சேவையில் இருப்பவர்களை மட்டும் வேறு செல்லுக்கு மாற்றினால் போதும். ஆன்டெனாப் பலகையில் சமிக்ஞை போகும் வழிகள் 64 இருந்தால், அவற்றில் பாதியை அணைப்பது இன்னொரு முறை. அப்போது செல் மறைவதில்லை, ஆனால் அதன் வீச்சு சுருங்கக்கூடும். விளிம்பில் இருப்பவர்கள் அண்டைச் செல்லுக்குப் போய், பலகை மீண்டும் விரிந்ததும் திரும்பி வந்து, இப்படி ஊசலாட நேரலாம். சுருங்குவதும் விரிவதும் அடிக்கடி நடந்தால் ஏ3-இன் அளவையும் காத்திருக்கும் காலத்தையும் சற்று உயர்த்திவைக்க வேண்டும்.

மறுபடி எழுப்புவது

உறங்கவைப்பதைவிட, எந்த நேரத்தில் எந்தச் செல்லை எழுப்புவது என்பதே கடினமான கேள்வி. விடிந்ததும் அடித்தளச் செல் நிரம்பத் தொடங்குகிறது. அதன் பரப்புக்குள் நாலைந்து கொள்ளளவுச் செல்கள் உறங்குகின்றன. எழுப்பு என்று எக்ஸ்என் வழியே கேட்கலாம். ஆனால் நெரிசலை உண்டாக்கும் கைபேசிகள் அவற்றில் எதன் கீழ் இருக்கின்றன என்பது அடித்தளச் செல்லுக்குத் தெரியாது, ஏனென்றால் உறங்கும் செல் எதையும் ஒலிபரப்புவதில்லை, ஒலிபரப்பாததைக் கைபேசி அளக்க முடியாது. எல்லாவற்றையும் எழுப்பினால் சேமித்தது வீணாகும். 4ஜி காலத்து ஆய்வுகளிலேயே இதற்கு ஒரு யோசனை சொல்லப்பட்டது: உறங்கும் செல்கள் சிறிது நேரம் குறிப்புச் சமிக்ஞையை மட்டும் அனுப்பட்டும், கைபேசிகள் அளந்து சொல்லட்டும், யாருக்கும் கேட்காத செல்கள் மறுபடி உறங்கட்டும். எழுந்த செல்லுக்கு ஆட்களை அனுப்புவது ஒப்பீட்டளவில் எளிது. அடித்தளச் செல் நன்றாகத்தான் இருக்கிறது என்பதால் அவசரம் எதுவும் இல்லை. அதிகம் பதிவிறக்கம் செய்பவர்களை முதலில் தேர்ந்து, ஏ4 அறிக்கை வந்த வரிசையில் ஒவ்வொருவராக அனுப்பலாம்.

18-ஆம் வெளியீடு இதில் முன்கணிப்புக்கும் இடம் தந்திருக்கிறது. நிலையங்கள் தம் எதிர்வரும் சுமையைப் பற்றிய கணிப்பையும், ஆற்றல் செலவு பற்றிய ஓர் அளவையும் ஒன்றோடொன்று பகிர்ந்துகொள்ளலாம். ஒரு செல் தன் கைபேசிகளை அண்டைச் செல்லிடம் தள்ளிவிட்டு உறங்கினால் அதன் மின் கட்டணம் குறையும். ஆனால் அந்தச் சுமையால் அண்டைச் செல்லின் கட்டணம் அதைவிடக் கூடுமானால், மொத்தத்தில் நஷ்டம். விளிம்பில் இருக்கும் கைபேசிக்குத் தொலைவிலிருந்து சேவை தர, அண்டைச் செல் அதிக நேரமும் அதிக வலிமையும் செலவிட வேண்டியிருக்கும் என்பதால் இந்தக் கணக்கைத் தவிர்க்க முடியாது.

அடுத்து வந்த 19-ஆம் வெளியீடு, அறிவிப்புச் சமிக்ஞையையே தேவைப்படும்போது மட்டும் அனுப்பும் முறையையும், செல்லுக்குள் நுழைவதற்கான அடிப்படைத் தகவலைக் கைபேசி கேட்ட பிறகே ஒலிபரப்பும் முறையையும் எடுத்துக்கொண்டது. உறங்கும் செல்லை எழுப்புவதில் கைபேசிக்கும் பங்கு கிடைக்கிறது என்பது இதன் பொருள்: விழித்திருக்கும் செல்லின் வழியே, உறங்கும் செல்லை எப்படி அழைப்பது என்ற விவரத்தைக் கைபேசி அறிந்துகொள்கிறது, அந்த விவரப்படி ஒரு சிறு சமிக்ஞையை அனுப்புகிறது, அதைக் கேட்கும் அளவுக்கு மட்டும் காதைத் திறந்துவைத்திருக்கும் செல், பதிலாகத் தன் அடிப்படைத் தகவலை ஒலிபரப்புகிறது. பெறுவதற்கு ஆகும் ஆற்றல் ஒலிபரப்புவதற்கு ஆகும் ஆற்றலைவிட மிகக் குறைவு என்பதால், காதை மட்டும் திறந்துவைத்த உறக்கமும் உறக்கமாகவே கணக்கில் வருகிறது.